மாற்றுத்தோல் வைத்த புண்ணை வீட்டில் பார்த்துக்கொள்ளும் முறை

மாற்றுத்தோல் (ஆறாத புண்ணை மூட மருத்துவர் வைக்கும், தோல் போன்ற மெல்லிய தகடு) வைத்துக் கட்டிய புண்ணை முதன்முறையாகத் திறந்து பார்க்கும் வீட்டார் பெரும்பாலும் திடுக்கிட்டுப் போவார்கள். புண்ணின் மேல் மஞ்சள் கலந்த வெள்ளை நிறத்தில், நுங்கைப் போல வழுவழுப்பாக ஏதோ படிந்திருக்கும். "யாத்தே, சீழ் வச்சிருச்சு" என்று பதறி, கொதிக்கவைத்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, மிகுந்த அக்கறையோடு அதை வழித்து எடுத்துவிடுவார்கள். வழித்து எடுத்தது சீழ் அல்ல, மருத்துவர் வைத்த மாற்றுத்தோலேதான். கம்பம் பள்ளத்தாக்கில் புண் கட்டும் அறையில் பல ஆண்டுகள் செவிலியாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இவ்வகைச் சிகிச்சை வீணாவதை நான் கண்ட இடங்களில் கவனக்குறைவைவிட இத்தகைய கூடுதல் கவனமே அடிக்கடி காரணமாக இருந்தது.

கம்பம், கூடலூர், போடி, தேவாரம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நாள் முழுவதும் ரப்பர் பூட்ஸுக்குள் ஈரத்தில் ஊறும் காலும், சர்க்கரை நோயால் உணர்ச்சி குன்றிய காலும் ஒருவரிடமே சேரும்போது, ஒரு சிறு கொப்புளம்கூட மாதக்கணக்கில் ஆறாத குழிப்புண்ணாக மாறிவிடுகிறது. அவர்களில் சிலர் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறார்கள். சிலர் மலையைத் தாண்டிக் கோட்டயம் போகிறார்கள். எங்கே சிகிச்சை பெற்றாலும் கட்டுப் போட்ட பிறகு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வீட்டில்தான் கழிகிறது. உங்கள் மருத்துவர் சொன்னதும் இங்கே எழுதியிருப்பதும் வேறுபட்டால், உங்கள் புண்ணை நேரில் பார்த்த அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

என்ன வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

மாற்றுத்தோல் என்ற ஒரே பெயரில் தன்மையிலும் பராமரிப்பிலும் மாறுபட்ட பல பொருள்கள் வழங்குகின்றன. நம் பக்கத்து மருத்துவமனைகளில் அதிகமாகக் கையாளப்படுவது உயிரணு இல்லாத வகை. விலங்கின் திசுவிலிருந்து உயிரணுக்களை நீக்கிவிட்டு எஞ்சிய கொலாஜன் (தோலுக்கு உறுதி தரும் புரதம்) சட்டகத்தை மெல்லிய தகடாக்கித் தருவார்கள். திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து உருவாக்கிய 'கோலிடெர்ம்' இவ்வகையைச் சேர்ந்தது. அதற்கு 2023-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் கிடைத்தது. இரண்டாவது வகையில் கொலாஜன் அடுக்கின் மேல் சிலிக்கோன் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். அமெரிக்காவில் பர்க், யானாஸ் என்னும் இருவர் பெரிய தீக்காயங்களுக்காக உருவாக்கிய 'இன்டெக்ரா' அவ்வகையில் முன்னோடி. மூன்றாவது வகையில் ஆய்வகத்தில் வளர்த்த மனித உயிரணுக்கள் உயிரோடு இருக்கும். 'ஆப்லிகிராஃப்' என்பது மாட்டுக் கொலாஜனில் பச்சிளங்குழந்தைகளின் முன்தோலிலிருந்து எடுத்து வளர்த்த அணுக்களைக் கொண்டது. அது 1998-இல் சிரைப்புண்ணுக்கும் (காலின் இரத்தம் இதயத்துக்குச் சரியாகத் திரும்பாததால் வரும் புண்) 2000-இல் சர்க்கரைக் கால்புண்ணுக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இந்த வேறுபாட்டை விளக்க, நம் ஊர்த் திராட்சைப் பந்தலைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. உயிரணு இல்லாத வகை வெறும் பந்தல்: கொடி உங்களுடையது, உங்கள் உடம்பின் அணுக்களும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அதைப் பற்றிக்கொண்டு படர வேண்டும். உயிரணு உள்ள வகை பந்தலும் எருவும் சேர்ந்தது. அந்த அணுக்கள் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து, உங்கள் அணுக்களை வேலைக்கு எழுப்பிவிடுகின்றன. எந்த வகையானாலும் பந்தல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். பிறருடைய அணுக்களும் சில வாரங்களுக்கு மேல் அங்கே தங்குவதில்லை. ஆகவே இரண்டு மூன்று வாரம் கழித்து, "வைத்த தோல் காணவில்லை, ஒட்டாமல் போய்விட்டது" என்று கலங்க வேண்டியதில்லை. புண்ணின் தளம் சிவந்து, ஓரங்கள் உள்நோக்கி நகர்ந்துவந்தால், வைத்தது தன் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள். சிலிக்கோன் படலம் உள்ள வகை மட்டும் விலக்கு. அந்தப் படலத்தை ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மருத்துவரே உரித்து எடுத்து, அவ்விடத்தில் உங்கள் சொந்தத் தோலின் மெல்லிய சீவலை வைப்பார். அது ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்தாலும் நீங்கள் இழுக்கக் கூடாது.

மாடு, பன்றி என்று மேலே எழுதியதை வாசித்துச் சிலர் முகம் சுளித்திருக்கலாம். அது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. யாரும் கேலி செய்யத் தக்கதல்ல. எந்த விலங்கிலிருந்து எடுத்தது என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கொலாஜனுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆப்லிகிராஃபைச் சர்க்கரைக் கால்புண் உள்ள 208 பேரிடம் சோதித்த ஆய்வில், பன்னிரண்டு வாரத்தில் புண் முழுமையாக மூடியவர்கள் மாற்றுத்தோல் வைத்தவர்களில் நூற்றுக்கு 56 பேர். வழக்கமான ஈரக்கட்டு மட்டும் போட்டவர்களில் 38 பேர். பலன் உண்மையே. ஆனால் வைத்தும் மூடாதவர்கள் 44 பேர் இருந்தார்கள் என்பதும், இரு பிரிவினருக்கும் செத்த சதையை வெட்டி நீக்குவதும் காலின் மேல் பாரம் விழாமல் பார்ப்பதும் ஒன்றுபோல நடந்தன என்பதும் நினைவில் இருக்கட்டும். இரத்த ஓட்டம் குறைந்த காலிலோ கிருமித்தொற்று அடங்காத புண்ணிலோ விலையுயர்ந்த தகடு எதை வைத்தாலும் அது அழுகித்தான் போகும். காலின் நாடித்துடிப்பைக் கைவைத்தோ டாப்ளர் கருவியாலோ பார்க்காமல் ஒருவர் மாற்றுத்தோலைப் பரிந்துரைத்தால், ஏன் பார்க்கவில்லை என்று தயங்காமல் கேளுங்கள்.

எல்லையைக் கடக்கும் சொற்கள்

மருத்துவ நூல்கள் எதிலும் இல்லாத, ஆனால் நம் பகுதிக்கு இன்றியமையாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கேரளத்து மருத்துவமனைகளில் செவிலியர் மலையாளத்தில் கேட்பதை, "தமிழ் மாதிரிதானே" என்று நாம் புரிந்துகொண்டதாக நினைத்துத் தலையாட்டிவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தெரியாத சொல்லைக் கேட்டால் பொருள் கேட்போம், தெரிந்த சொல்லைப்போல ஒலிப்பதைக் கேட்டால் கேட்க மாட்டோம்.

"பனியுண்டோ?" என்று அவர் கேட்பது பனிக்குளிரையல்ல, காய்ச்சல் இருக்கிறதா என்பதை. "பழுப்பு உண்டோ?" என்றால் பழுப்பு நிறமா என்பதல்ல, சீழ் இருக்கிறதா என்பது கேள்வி, கட்டில் காய்ந்த இரத்தக்கறையை நினைத்து "ஆமா, பழுப்பாத்தான் இருக்கு" என்று பதில் சொன்ன ஒரு பெரியவருக்கு, தேவையில்லாமல் கட்டைத் திறந்து பார்த்துவிட்டார்கள். "முறிவு" என்பது அங்கே எலும்பு முறிவு அல்ல, காயம். ஆகவே "முறிவு நனைக்கருது" என்றால் புண்ணை நனைக்கக் கூடாது. "நீரு உண்டோ?" என்று கேட்டால் புண்ணிலிருந்து நீர் கசிகிறதா என்பதைவிட, கால் வீங்கியிருக்கிறதா என்பதையே பெரும்பாலும் அறிய விரும்புகிறார்கள். "மரவிப்பு" என்றால் மரத்துப்போதல். எல்லாவற்றிலும் முக்கியமானது "கால் நிலத்து குத்தருது" என்பது. நம் காதுக்கு அது கால் குத்துகிறதா, வலிக்கிறதா என்பதுபோல ஒலிக்கும்; அவர்கள் சொல்வதோ காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று. சிகிச்சையின் பாதி வெற்றி இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. மருத்துவமனையை விட்டு வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டோடு, மாற்றுத்தோலின் பெயர், வைத்த நாள், அடுத்த கட்டு மாற்றும் நாள், எந்த அடுக்குவரை வீட்டில் திறக்கலாம் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, அதை உள்ளூரில் கட்டுப் போடும் செவிலியிடம் முதல் நாளே காட்டுங்கள்.

முதல் வாரம்: திறக்காமல் இருப்பது

கட்டு பொதுவாக நான்கு அடுக்காக இருக்கும். அடியில் மாற்றுத்தோல், அதை நகராமல் பிடிக்கச் சில தையல்களோ ஒட்டுப்பட்டைகளோ. அதன் மேல் புண்ணில் ஒட்டாத வலை. அதன் மேல் கசிவை உறிஞ்சும் பஞ்சுத் தகடோ காஸோ. எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றிய பேண்டேஜ். மாற்றுத்தோலில் சிறுசிறு கீறல்களோ துளைகளோ இருப்பது கிழிசல் அல்ல. அடியில் நீர் தேங்கித் தகட்டைத் தூக்கிவிடாமல் வெளியேறுவதற்காக வேண்டுமென்றே போட்டவை.

முதல் ஐந்து முதல் ஏழு நாள் வரை, மருத்துவர் வேறு விதமாகச் சொன்னாலொழிய, யாரும் உள் அடுக்கைத் தொடக் கூடாது. உடம்பின் நுண்குழாய்கள் தகட்டுக்குள் நுழையத் தொடங்கும் காலம் அது. அந்த நேரத்தில் தகடு ஒரு மில்லிமீட்டர் வழுக்கினாலும் நுழைந்தவை அறுந்துபோகும். மேல் அடுக்கு நனைந்து கசிவு வெளியே தெரிந்தால், அவிழ்ப்பதைவிட அதன் மேலேயே சுத்தமான காஸை வைத்து இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்வது நல்லது. மேல் இரண்டு அடுக்கை வீட்டில் மாற்றலாம் என்று சொல்லியிருந்தால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள். காஸ் ஒட்டிக்கொண்டால் கிருமி நீக்கிய உப்புநீரான சலைனை ஊற்றி நனைத்து, அது தானாக விடும்வரை காத்திருந்து, ஓரத்திலிருந்து தோலை ஒட்டியபடியே மடக்கி எடுக்க வேண்டும். மேல்நோக்கி இழுக்கக் கூடாது. வலை கண்ணுக்குத் தெரிந்ததும் உங்கள் வேலை முடிந்தது. அதற்குக் கீழே பார்க்க ஆசைப்படாதீர்கள்.

நம் மொழியே ஒரு வகையில் நம்மை ஏமாற்றுகிறது. ஆறிய புண்ணைக் "காய்ந்துவிட்டது" என்கிறோம். அதனாலேயே புண்ணை வெயிலில் காட்டியும், பொடி தூவியும் காயவைத்தால் ஆறும் என்று நம்புகிறோம். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், ஈரம் போகாமல் மூடிவைத்த புண்ணில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்வதைப் பன்றிகளிடம் காட்டினார். மாற்றுத்தோலுக்கு இது இன்னும் பொருந்தும். காய்ந்து சருகான தகட்டில் எந்த அணுவும் நகராது. அளவோடு ஈரமாக இருப்பதே சரி. சொதசொதவென்று ஊறி, சுற்றியுள்ள நல்ல தோல் வெளுத்துச் சுருங்கினால் அது மிகை ஈரம், கட்டு மாற்றும் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

புண்ணுக்குள் எதை ஊற்றக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொவிடோன் அயோடின், ஹைட்ரஜன் பெராக்சைடு, குளோர்ஹெக்சிடின், ஸ்பிரிட் ஆகியவை கிருமியைக் கொல்வதோடு புதிதாகப் படரும் அணுக்களையும் கொல்லும். மருத்துவர் குறிப்பிட்டு எழுதித் தந்தாலொழிய அவை மாற்றுத்தோலின் அருகே வரக் கூடாது. மஞ்சள் பொடி, வேப்பெண்ணெய், காப்பித்தூள், மலைக்கு அந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கும் முறிவெண்ணெய், இவையும் அப்படியே. இவற்றைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. முறிவெண்ணெய்க்கு அதன் இடம் உண்டு. கிருமி நீக்கப்படாத எதையும், பிசுக்கும் துகளும் உள்ள எதையும் இந்தத் தகடு தாங்காது என்பதே காரணம்.

காலை ஊன்றாமல் இருப்பது

உள்ளங்காலில் வைத்த மாற்றுத்தோலின் மேல் ஓர் அடி எடுத்துவைப்பது, நடவு முடிந்த வயலில் மாட்டை ஓட்டுவதற்குச் சமம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் கால்களைக் கூர்ந்து கவனித்து, உணர்ச்சி போன கால் புண்ணாவதற்கும் ஆறாமலிருப்பதற்கும் வலி தெரியாமல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊன்றுவதே முதன்மைக் காரணம் என்பதை வலியுறுத்தினார். சர்க்கரை நோயாளியின் காலுக்கும் அதுவே பொருந்துகிறது. இதனால்தான் சிலருக்கு முழங்கால்வரை மாவுக்கட்டோ கழற்ற முடியாத பூட்ஸோ போட்டு அனுப்புகிறார்கள். கழற்ற முடியாததுதான் அதன் சிறப்பே. கழற்றக் கூடியதைக் கொடுத்தால், கழிப்பறைக்கு, அடுக்களைக்கு, வாசலுக்கு என்று நூறு தடவை கழற்றிவிட்டு நடப்போம். மாவுக்கட்டுக்குள் வலி, இறுக்கம், விரல்கள் நீலம்பாய்தல், நாற்றம் ஏற்பட்டால் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.

சொல்வது எளிது, தோட்டத்து லயத்தில் ஒற்றை அறையில் இருக்கிறவர் எப்படி நடக்காமல் இருப்பார்? நான் கண்டவரை நாள்தோறும் அதிகம் ஊன்ற வைப்பது கழிப்பறைதான். குத்துக்காலிட்டு உட்காரும்போது உடம்பின் முழு எடையும் முன்பாதத்தில் விழுகிறது. புண்ணும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. நடுவில் துளையுள்ள பிளாஸ்டிக் கமோடு நாற்காலியை வாடகைக்காவது வாங்கிப் போடுங்கள். இரவில் கட்டிலருகே சிறுநீர்ப் பாத்திரம் இருக்கட்டும். ஊன்றுகோலைவிட நான்கு கால் வாக்கர் பாதுகாப்பானது; மழையில் வழுக்கும் மலைப்பாதையில் ஊன்றுகோல் பழகுவது வேண்டாத விபத்து. ஒரு காலைத் தூக்கிவைத்தால் மறு காலுக்குப் பாரம் கூடும் என்பதால், மறு காலின் அடியைத் தினமும் மாலையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

உட்கார்ந்திருக்கும்போது கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தொங்கவிட வேண்டும். சிரைப்புண் உள்ளவர்களுக்குக் காலை இதயத்தைவிட உயரமாகத் தூக்கிவைப்பதும், மருத்துவர் சுற்றிய அழுத்தக் கட்டை நாளெல்லாம் கழற்றாமலிருப்பதும் தேவை. ஆனால் தமனி அடைப்பு உள்ள காலில் அழுத்தக் கட்டுப் போட்டால் விரல்களே போய்விடலாம் என்பதால், பக்கத்து வீட்டுக்காரரின் கிரேப் பேண்டேஜை இரவல் வாங்கிச் சுற்ற வேண்டாம்.

குளியலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை வேறொரு ஸ்டூலில் குளியலறைக்கு வெளியே நீட்டிவைத்துக் குளிக்கலாம். பாலிதீன் பையைக் கட்டினாலும் அதை நம்பித் தண்ணீர் ஊற்றக் கூடாது. கட்டு நனைந்துவிட்டால் அடுத்த முறைவரை காத்திராமல் அன்றே மாற்றச் சொல்லுங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குமுளிப் பக்கம் துணியே காயாது. அப்போது கட்டின் வெளிப்புறத்தைத் தினம் இரண்டு முறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

எது இயல்பு, எது அபாயம்

முதல் வாரத்தில் வைக்கோல் நிறத்திலோ இளஞ்சிவப்பாகவோ கசிவது இயல்பு. பல நாள் மூடியிருந்த கட்டைத் திறக்கும்போது லேசான வாடை வருவதும் இயல்பே. சலைனால் கழுவிய பிறகும் அந்த வாடை போகாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். தகட்டின் ஒரு மூலை கருத்து உரிவதும் நடக்கக் கூடியது.

கசிவு பச்சையாகவோ கெட்டியாகவோ மாறுவது, புண்ணைச் சுற்றிச் சிவப்புப் படர்ந்து வெப்பமாக இருப்பது, அடங்கியிருந்த வலி திரும்புவது, கால் புதிதாக வீங்குவது, காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது, குளிர் நடுக்கம் ஆகியவை தொற்றின் அடையாளங்கள். சிவப்பின் எல்லையைப் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதிவையுங்கள். புண்ணின் ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டருக்கு மேல் போனாலோ, சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினாலோ, மறுநாளுக்கு ஒத்திப்போடக் கூடாது. சர்க்கரை நோயில் உணர்ச்சி மங்கியிருப்பதால் வலி இல்லாமலேயே தொற்று எலும்புவரை இறங்கக் கூடும். காரணமின்றி இரண்டு நாளாகச் சர்க்கரை அளவு ஏறி நின்றால் அதையே வலியாக எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு மயக்கமும் மூச்சிரைப்பும் சேர்ந்தால், மலைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் 108-ஐ அழையுங்கள்.

வாரம் ஒரு முறை, கட்டு மாற்றும்போது, புண்ணின் அருகில் ஒரு அளவுகோலை வைத்துக் கைபேசியில் படம் எடுத்துவைப்பது மிகவும் பயன்படும். "கொஞ்சம் குறைந்தமாதிரி இருக்கிறது" என்ற சொல்லைவிட, ஒரே கோணத்தில் எடுத்த நான்கு படங்கள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக்கூடக் குறையவில்லையென்றால் எங்கோ தடை இருக்கிறது: இரத்த ஓட்டமோ, எலும்பில் தொற்றோ, ரகசியமாக நடக்கும் நடையோ. சில வகை மாற்றுத்தோலை வாரத்துக்கு ஒன்றாகப் பல முறை வைப்பது திட்டத்தின் பகுதியே. மீண்டும் வைப்பதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

பத்தியம் என்னும் பட்டினி

புண் உள்ளவருக்கு மீன் ஆகாது, முட்டை ஆகாது, கத்திரிக்காய் ஆகாது என்று ஒதுக்கி, ரசமும் இட்லியும் மட்டும் கொடுத்து வளர்க்கும் வீடுகள் இன்றும் உள்ளன. அன்பினால் செய்வதுதான், ஆனால் தோல் புரதத்தால் ஆனது, புரதத்தை நிறுத்திவிட்டுத் தோலை எதிர்பார்ப்பது நடக்காத காரியம். ஆறாத புண் உள்ளவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், 100 கிராம் மத்தி மீனில் ஏறக்குறைய 20 கிராம் உண்டு. மொச்சை, கொள்ளு, பாசிப்பயறு, தயிர் எல்லாம் கணக்கில் சேரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் தோட்டத்துப் பக்கத்து விருப்ப உணவு. குழம்பில் உள்ள மீனைக் கூட்டிக் கிழங்கைக் குறைத்தால் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும். பன்னீர் திராட்சையும் பழம்தானே என்று கொத்துக் கொத்தாகத் தின்பது வேண்டாம். வைட்டமின் சி-க்கு நெல்லிக்காய் போதும்.

சர்க்கரை அளவு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குள் என்பது பெரும்பாலோருக்கு வைக்கப்படும் இலக்கு. முதியவர்களுக்கு மருத்துவர் தளர்த்திக்கொடுப்பார். நடை நின்றுவிட்டதால் அளவு ஏறலாம், உணவு மாறியதால் இறங்கவும் செய்யலாம். ஆகவே இந்த வாரங்களில் குளுக்கோமீட்டரை அடிக்கடி பயன்படுத்துவதில் கஞ்சத்தனம் கூடாது. பீடியும் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் நிகோட்டினால் நுண்குழாய்களைச் சுருக்குகின்றன. தகட்டுக்குள் இரத்தம் வர வேண்டிய வழி அதுதான்.

மூடிய பிறகு

கசிவே இல்லாமல் தோல் மூடியிருப்பதை இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்து உறுதிசெய்த பிறகே புண் ஆறிவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போதும் அது பழைய தோல் அல்ல. நிறம் வேறாக இருக்கும், வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் இராது. ஆகவே எளிதில் வறண்டு வெடிக்கும். வாசனை சேர்க்காத வாஸ்லினைத் தினமும் தடவுங்கள். விரல் இடுக்குகளில் மட்டும் தடவாதீர்கள், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கையிலோ முகத்திலோ தீக்காயத்துக்கு வைத்த மாற்றுத்தோலாக இருந்தால் ஓராண்டாவது வெயில் படாமல் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். ஆறிய தழும்பின் வலிமை பல மாதங்களுக்குப் பின்னரும் இயல்பான தோலில் ஐந்தில் நான்கு பங்கை எட்டுவதே அதிகம்.

சர்க்கரைக் கால்புண் ஆறியவர்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் புண் வருகிறது. முதல் நாளே முழுநேர வேலைக்குத் திரும்பினால் அந்த நால்வரில் நீங்களும் ஒருவராக ஆகிவிடுவது எளிது. கூலி போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல; ஆனாலும் முதல் மாதம் களையெடுப்புக்கும் சரிவில் காய் பறிப்புக்கும் போகாமல், உட்கார்ந்து காய் தரம்பிரிக்கும் வேலையைக் கங்காணியிடம் கேட்டு வாங்கப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்பு (உணர்ச்சி குன்றிய காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) இல்லாமல் நடக்க வேண்டாம். புதுச் செருப்பை முதல் நாள் அரைமணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, காலில் சிவந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நேரத்தைக் கூட்டுங்கள்.

மழைக்காலத் தோட்டத்துக்கு ரப்பர் பூட்ஸ் தவிர்க்க முடியாதது என்பதால், அதை ஒரு அளவு பெரிதாக வாங்கி, உள்ளே மருத்துவர் தந்த மெத்தைத் தகட்டை வைத்து, தையல் விளிம்பு உள்ளே உறுத்தாத பருத்திக் காலுறையோடு போடுங்கள். காலை நுழைக்கும் முன் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளே கிடக்கும் கல்லைக் கை உணரும், கால் உணராது. மதிய உணவு நேரத்தில் பூட்ஸைக் கழற்றி, ஈரக் காலுறையை மாற்றி, அட்டை கடித்திருக்கிறதா என்று விரல் இடுக்குவரை பாருங்கள். கடித்துக்கொண்டிருக்கும் அட்டையைப் பிய்த்து எறியாமல், நகத்தின் ஓரத்தால் அதன் மெல்லிய முனையைத் தோலோடு ஒட்டி நெம்பி விடுவித்து, அந்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவி, இரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்து, உலர்ந்த கட்டுப் போட்ட பின்னரே மறுபடி பூட்ஸுக்குள் காலை விட வேண்டும்.